குறை சொல்லாத விருந்தாளி

மனிதருக்குச் சமைக்கிறவருக்கு ஒரு பெரிய சௌகரியம் உண்டு. உப்புக் குறைந்தாலும் புளி மிகுந்தாலும் இலையில் உட்கார்ந்தவரின் முகமே அதைச் சொல்லிவிடும், மறுநாள் கை தானாகத் திருந்திக்கொள்ளும். நாய்க்குச் சமைக்கிறவருக்கு அந்தச் சௌகரியம் இல்லை. எதை வைத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வந்து, தட்டின் அடி வரை நக்கித் தீர்த்துவிட்டு, இன்னும் உண்டா என்று நம் முகத்தைப் பார்க்கிற அந்தப் பிராணியின் தீர்ப்பு நாவிலிருந்து வருவதே இல்லை. ரோமத்தின் பளபளப்பிலும், விலாவின் மேல் விரல்களை ஓட்டும்போது எலும்புக்கும் தோலுக்கும் நடுவே தட்டுப்படும் கொழுப்பின் கனத்திலும், காலையில் அது இடும் மலத்தின் இறுக்கத்திலும் அது மெல்ல மெல்ல, மாதக்கணக்கில் எழுதப்படுகிறது. ஆகவே இந்தச் சமையலில் ருசியைக் காட்டிலும் அளவே பிரதானம் என்பது, பல வருஷங்களாக எங்கள் வீட்டு நாய்களுக்கு மெல்லனலில் ஆகாரம் வேகவைத்து வரும் எனது திடமான அபிப்பிராயம்.

ஸ்லோ குக்கர் என்று கடைகளில் விற்கப்படும் பாத்திரம் பார்வைக்கு மிகவும் சாதுவானது; ஒரு கனத்த பீங்கான் கலம், அதைச் சுற்றிலும் மிதமாகச் சூடேறும் மின்கம்பிச் சுருள், மேலே ஒரு கண்ணாடி மூடி, அவ்வளவுதான். அமெரிக்காவில் இர்விங் நாக்ஸன் என்பவர் 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். லித்துவேனியாவில் யூதர்கள் தங்கள் ஓய்வுநாளுக்கு முந்திய மாலையில் பயறும் இறைச்சியும் இட்ட சட்டியை ரொட்டிக்கடை அடுப்பின் ஆறும் சூட்டில் வைத்துவிட்டு மறுநாள் எடுத்து உண்ணும் வழக்கத்தைத் தாயார் சொல்லக் கேட்டதே அவருக்கு இந்த யோசனையைத் தந்தது; 1971இல் அது கிராக்-பாட் என்ற பெயரில் வீடுதோறும் புகுந்தது. நமக்கு இந்தத் தத்துவம் அந்நியமன்று. உமியடுப்பின் கனலிலும் வறட்டித் தணலிலும் பொழுதெல்லாம் பாலைக் காயவைத்தவர்கள்தாம் நாம். புதுச்சேரியிலோ இதற்கு இன்னொரு வழியும் உண்டு. பிரெஞ்சுப் பழக்கம் நிலைத்த வீடுகளில் மாட்டிறைச்சியையும் கிழங்குகளையும் பல மணி நேரம் சிறு தீயில் வைத்து இறக்கும் பொத்தோஃபே என்ற பதார்த்தத்தின் மணம் அறிந்தவருக்கு, மெல்லனலின் மகிமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்தச் சட்டியிலிருந்து ஒரு கரண்டி எடுத்து நாய்க்கு ஊற்றிவிடலாம் என்று நினைப்பது ஆபத்து. வெங்காயமும் பூண்டும் அவற்றின் இனத்தைச் சேர்ந்த லீக்ஸும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கக் கூடியவை. வேகவைத்தாலும் அந்தக் குணம் போவதில்லை, துண்டுகளை எடுத்து எறிந்துவிட்டாலும் சாற்றில் அது இறங்கியே நிற்கும். நம்முடைய குழம்பு எதுவும், நேற்றைய மிச்சமாயினும் இன்றைய விசேஷமாயினும், நாயின் ஆகாரம் ஆகாது என்பதற்கு இந்த ஒரு காரணமே போதும். திராட்சையும் அப்படியே, கிறிஸ்துமஸ் காலத்தில் நம் ஊரில் வீட்டுக்கு வீடு கைமாறும், ரம்மில் ஊறிய உலர்திராட்சை இட்ட கேக்கைத் துண்டாக்கி வாசலில் நிற்கும் நாய்க்கும் போடுகிற அன்புள்ளங்களை நான் கண்டிருக்கிறேன், அந்தத் திராட்சை நாயின் சிறுநீரகத்தையே செயலிழக்கச் செய்யலாம் என்பதை அவர்களிடம் பணிவாகச் சொல்லியும் வருகிறேன். தேய்பிறை அஷ்டமியில் பைரவரின் வாகனமென்று பாலும் இனிப்பு பிஸ்கட்டும் வைப்பதிலும் பக்தி உண்டு, போஷாக்கு இல்லை.

எனது சமையல் நேரு வீதிக்கும் ரங்கப்பிள்ளை வீதிக்கும் நடுவே உள்ள பெரிய மார்க்கெட்டில் ஆரம்பமாகிறது. கூபேர் மார்க்கெட் என்று பலகையில் இருந்தாலும் எங்களுக்கு அது பெரிய மார்க்கெட்தான். அங்கே தோலுரித்த கோழியின் தொடைக்கறி, கொஞ்சம் ஈரல், கோழியின் இருதயம், மீன்காரம்மாக்களிடம் கிடைத்தால் மத்தி, பிறகு பரங்கிக்காய், கேரட், பீன்ஸ், சர்க்கரைவள்ளிக் கிழங்கு. ஈரலில் ஏ வைட்டமின் மிகுதி. அதிகம் போனால் அதுவே விஷமாகும் என்பதால், மொத்த ஆகாரத்தில் இருபதில் ஒரு பங்கைத் தாண்ட விடுவதில்லை. அரிசி நாய்க்கு ஆகாது என்று சிலர் இப்போது கண்டிப்பாகப் பேசுகிறார்கள். மனிதனோடு வாழத் தொடங்கிய நாயின் உடலில், மாவுப்பொருளை ஜீரணிக்கும் அமைலேஸ் என்ற சுரப்புக்கான மரபணு ஓநாயைவிடப் பன்மடங்கு பெருகியிருக்கிறது என்று 2013இல் நேச்சர் இதழில் வெளிவந்த ஆராய்ச்சி காட்டியது. நம் சோற்றுப் பானையின் அருகே படுத்துக் கிடந்த எத்தனையோ தலைமுறைகள் அதன் வயிற்றிலேயே பதிந்துவிட்டன. ஆகவே கறிக்குத் துணையாகச் சோற்றை நான் தயக்கமின்றிச் சேர்க்கிறேன்.

கலத்தில் இடும் கிரமம் ஒன்று உண்டு. சாதாரண அடுப்பில் கறி வேகத்தான் நேரமாகும். மெல்லனலிலோ கிழங்கும் கேரட்டும்தான் பிடிவாதம் பிடிக்கும், ஆகவே அவை அடியில், சூட்டுக்கு அண்மையில் இருக்க வேண்டும், கறி அவற்றின் மேல். மூடிய கலத்தில் நீர் வற்றுவதில்லையாதலால் கறி பாதி மூழ்கும் மட்டும் தண்ணீர் விட்டால் போதும். உறைந்த கறியை அப்படியே போடக் கூடாது. அது இளகி, சூடேறி, கிருமிகள் சாகும் நிலையை எட்டுவதற்குள் அந்த வெதுவெதுப்பில் அவை பெருகிவிடும். மூடியைத் திறந்து திறந்து பார்க்கவும் கூடாது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சேர்த்துவைத்த ஆவி போய், மறுபடி அந்த உஷ்ணம் வர அரைமணி வரை பிடிக்கும். பச்சை மத்தியில் தயமின் என்ற பி வைட்டமினை அழிக்கும் பொருள் ஒன்று உண்டு, வெந்தால் அது ஒழியும். ஆகவே மீனும் ஈரலும் கடைசி ஒரு மணி நேரத்தில் சேர்ந்து நன்றாக வேகும். ராஜ்மாப் பயறு போட விரும்புகிறவர்கள் அதைத் தனியே பத்து நிமிஷமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே இதில் இட வேண்டும், ஏனெனில் அதன் நஞ்சு இந்த மெல்லிய சூட்டுக்கு அடங்குவதில்லை.

எட்டு மணி நேரம் சென்று கலத்தை இறக்கி ஆறவைத்ததும் உண்மையான வேலை தொடங்குகிறது. மேலே மஞ்சளாகப் படியும் கொழுப்பைக் கரண்டியால் வழித்தெடுக்கிறேன், ஏனெனில் மிகுந்த கொழுப்பு கணையத்தைத் தாக்கும். பிறகு கறியைக் கைப்பிடி கைப்பிடியாக எடுத்துக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே நசுக்கிப் பார்க்கிறேன்; ஊசிபோல ஒரு எலும்புச் சில் தட்டுப்பட்டால் அது அங்கேயே அகப்பட்டுவிடும். வெந்த எலும்பு பிளந்து குடலைக் கிழிக்கும், ஆகையால் இந்த ஒரு காரியத்தை நான் வேறு யார் கையிலும் விடுவதில்லை. சாற்றை மட்டும் ஒரு சொட்டும் கொட்டுவதில்லை. கறியின் நரம்பும் சவ்வும் கரைந்த கூழும், நீரில் இறங்கிய சத்துகளும் அதில்தான் இருக்கின்றன. பல்லிழந்த கிழநாய்க்குச் சோற்றைப் பிசைந்து கொடுக்க அதைவிடச் சிறந்தது எதுவும் இல்லை.

இத்தனை சிரத்தையோடு சமைத்த பின்னும் அந்த ஆகாரம் பூரணமாகிவிடாது. எலும்பில்லாத கறியில் பாஸ்பரஸ் சுண்ணாம்புச் சத்தைப்போல் பத்து மடங்குக்கும் மேல் இருக்கிறது. நாயின் உடலோ சுண்ணாம்புச் சத்து பாஸ்பரஸுக்குச் சமமாகவேனும், அதற்குச் சற்று மேலாகவேனும் இருக்க வேண்டுமென்று கேட்கிறது. கறியும் சோறும் மட்டுமே தின்னும் நாய் தன் எலும்பிலிருந்தே கடன் வாங்கி நாள் கழிக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. முட்டை ஓடுகளைக் கழுவி, கொதிக்கவைத்து, உலர்த்தி, மிக்ஸியில் மாவாக அரைத்து வைத்துக்கொள்கிறேன். ஒரு தேக்கரண்டி மாவில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச் சத்து இருக்கும். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1000 கிலோ கலோரி ஆகாரமும், அதில் ஒரு கிராமுக்குச் சற்று மேல் சுண்ணாம்புச் சத்தும் போதும். ஆனால் துத்தநாகம், அயோடின், டி, இ வைட்டமின்கள் ஆகியவற்றை முட்டை ஓடு தராது. கலிபோர்னியாவின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தார் 2013இல் வீட்டு நாயுணவுக் குறிப்புகள் 200ஐ எடுத்து ஆராய்ந்தபோது அவற்றில் 190 குறிப்புகளில் அவசியமான சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. அந்தச் செய்தி என்னைச் சமையலிலிருந்து விலக்கவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு கால்நடை வைத்தியரிடம் போக வைத்தது. குருமாம்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர் இது. கேட்க வெட்கப்படுவதற்கு இடமில்லை. அவர்கள் எழுதித் தரும் தாதுக் கலவையைச் சூடு ஆறிய பிறகு தட்டிலேயே கலக்கிறேன்.

கடற்கரை ஊருக்கென்று சில நிர்ப்பந்தங்கள் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடையாதலால் மத்தி அருகிப்போகும். அந்த மாதங்களில் முட்டையைக் கூட்டிக்கொள்கிறேன். 2024 நவம்பர் 30 அன்று புதுவை அருகே கரை கடந்த ஃபெஞ்சல் புயலைப்போல ஒன்று வரும் நாட்களில் இந்தப் பாத்திரத்தை நம்பவே கூடாது. எரிவாயு அடுப்பில் குக்கரில் சமைத்து அன்றே கொடுத்துவிட வேண்டும். இரவில் கரண்ட் எப்போது போயிற்று, எப்போது வந்தது என்று தெரியாத கலத்தின் உணவு எவ்வளவு நல்ல கறியாயினும் குப்பைக்குத்தான். நம் ஊரின் உப்புக்காற்றும் புழுக்கமும் அதில் எந்தச் சலுகையும் தருவதில்லை.

குட்டிகளுக்கு மட்டும் நான் இந்தக் கலத்தில் சமைப்பதில்லை. வளரும் எலும்புக்குச் சுண்ணாம்புச் சத்து குறைந்தாலும் தீங்கு, பெரிய இனங்களில் கூடினாலும் தீங்கு. அந்த நுண்ணிய கணக்கு எனது தேக்கரண்டிக்கு அகப்படாது. ராஜபாளையம் போன்ற உயரமான இனத்துக் குட்டி வீட்டுக்கு வந்தால், வளர்ச்சி முடியும் வரையில் வைத்தியர் சொல்லும் தயாரித்த உணவையே கொடுத்துவிட்டு, அதன்பின் ஒரு வாரம் முழுவதும் பழைய உணவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துப் புதியதைக் கூட்டி, மலம் இளகாமல் இருக்கிறதா என்று தினமும் பார்த்த பின்னரே, முழுத் தட்டையும் கலத்திலிருந்து நிரப்புகிறேன்.