நேரத்தை விதைத்தல்

உழைப்பின்றித் தேர்வில் உயர்வில்லை என்பதை யாவரும் அறிவர். ஆயின், அவ்வுழைப்பை எங்கே இடுவது என எண்ணிப் பார்ப்போர் சிலரே. நிலமறிந்து விதைப்பதுபோல் நேரத்தையும் பாடமறிந்து விதைத்தல் வேண்டும்.

நம் நாட்டில் பல்கலைக்கழகத்திற்கு வழிகாட்டும் தேர்வுகளுள் ஒன்று எஸ்.டி.பி.எம். 1982இல் தொடங்கிய இத்தேர்வு, 2012 முதல் மூன்று பருவங்களாகப் பகுக்கப்பெற்றது. எனவே, முதற்பருவத்தை வெறும் ஒத்திகையாகக் கருதுவோர் புள்ளிகளை இழப்பர்.

நான் ஆறாம் படிவத்தில் தமிழ் கற்பிப்பவன். முதற்பருவம் முடிந்தபின் மாணவி ஒருத்தி, நாள்தோறும் ஆறு மணி நேரம் படிப்பதாகத் திட்டம் வரைந்து வந்தாள். அவள் தாயாருக்கோ தொழிற்சாலையில் இரவு வேலை. தம்பியர் இருவருக்கும் சமைத்துப் போடுவது அவள் பொறுப்பு. "ஒரு வாரம் நீ உண்மையில் படித்த நேரத்தை மட்டும் எழுதி வா, அம்மா" என்றேன். நாளுக்கு இரண்டரை மணி நேரமே தேறியது. அதிலும் பாதி தமிழுக்கு!

தமிழில் அவள் நிலை ஏ, வரலாற்றிலும் பொதுப்பாடத்திலும் பி, பொருளியலில் சி. ஏ என்பது 4.00, பி 3.00, சி 2.00. நான்கின் சராசரி 3.00. தமிழை எத்தனை மணி நேரம் படித்தாலும் 4.00க்கு மேல் ஏற இடமில்லை. பொருளியல் சியிலிருந்து பிக்கு உயர்ந்தாலோ, சராசரி 3.25 ஆகும்.

"தமிழைக் குறைக்கவா சொல்கிறீர்கள், ஐயா?" என்றாள். தமிழாசிரியன் சொல்லத் தயங்கும் விடைதான். எனினும், "ஆம்" என்றேன். மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையில் தமிழ் பயில்வதே அவள் வேட்கை. அவ்வாயிலுக்குச் செல்லும் பாதை பொருளியல் வழியாகவும் செல்கிறதே!

தமிழுக்கு அரை மணி, பொருளியலுக்கு ஒரு மணி, ஏனைய இரண்டிற்கும் எஞ்சிய ஒரு மணி எனப் பகுத்தோம். தாயார் வீட்டிலிருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், கடிகாரத்தை முன்வைத்துப் பழைய வினாத்தாள் ஒன்றை முழுமையாக எழுதினாள். இறுதி முடிவில் பொருளியல் பியாக உயர்ந்தது. தமிழில் ஏ நிலைத்தது.

ஆசிரியப் பெருமக்களே, மாணவர்க்குக் கால அட்டவணை வரைந்தளிக்குமுன் அவர்தம் வீட்டு நிலையைக் கேட்டறியுங்கள். மாணவச் செல்வங்களே, விரும்பும் பாடம் நம்மை இனிதே ஈர்க்கும். விரும்பாத பாடமோ நம் நேரத்தை வேண்டி நிற்கும். இல்லாத ஆறு மணி நேரத்தை ஏட்டில் எழுதுவதினும், இருக்கும் இரண்டரை மணி நேரத்தை முறையாகப் பகுப்பதே நற்றிட்டம்.