விண்ணப்பத்துக்குப் பின் ஒரு மடல்

நல்ல காரியத்தை மறைத்துச் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் சமுதாயம் நம்முடையது. முகஸ்துதிக்கு நம் முன்னோர் அஞ்சியதுபோல் வேறு எதற்கும் அஞ்சியிருப்பார்களா என்பது ஐயமே. அவ்வாறு வளர்ந்த ஒரு பெண், தான் செய்த தொண்டைத் தானே எடுத்தெழுதி ஒரு கல்லூரிக்கு மடல் வரைய நேர்ந்தால் என்ன செய்வாள்? அமெரிக்காவில் வாழும் என் பேத்திக்கு அந்த நிலை வந்தது.

அந்நாட்டில் மருத்துவம் பயில இடம்பெறும் முறை நம் வாசகர் பலருக்குப் புதிதாயிருக்கும். இங்கே நீட் மதிப்பெண் வந்துவிட்டால் தரவரிசை, கலந்தாய்வு என்று காரியம் நடந்துவிடும். மாணவர் தம்மைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றுமில்லை. அங்கோ பட்டப்படிப்பு, தகுதித் தேர்வு ஆகியவற்றோடு, அவர் எத்தகைய மனிதர் என்பதையும் எடைபோடுகிறார்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு ஒரே பொது விண்ணப்பம். அதில் 5,300 எழுத்துகளுக்குள் தம்மைப் பற்றி ஒரு கட்டுரை. ஈடுபட்ட பணிகள் 15க்கு மேற்படாமல், ஒவ்வொன்றையும் விவரிக்க 700 எழுத்து. மே மாதக் கடைசியிலோ ஜூனிலோ அதை அனுப்பிய பின், முகவரி போன்ற சிலவற்றை மாற்றலாமேயன்றிப் பணிகளைப் பற்றி எழுதியதில் ஒரு சொல்லையும் திருத்த இயலாது. வகுப்பு தொடங்குவதோ அடுத்த ஆண்டு ஜூலை, ஆகஸ்டில்! இடைப்பட்ட ஓராண்டுக்கு மேலான காலத்தில் புதிதாகச் செய்ததைத் தெரிவிப்பதற்கே இந்தப் பின்மடல். சில கல்லூரிகள் இதை விரும்பி ஏற்கின்றன. சில, நேர்முகத்துக்குப் பின்னரே ஏற்கும். வேறு சில, அனுப்பவே வேண்டா என்று முன்னறிவித்துவிடும். வேண்டாவென்றவர்களுக்கு எழுதுவதை ஆர்வம் என்று நான் சொல்லமாட்டேன். அது சொல் கேளாமை.

ஆண்டுதோறும் 50,000 பேருக்கு மேல் விண்ணப்பித்து, ஏறத்தாழ 23,000 பேர் சேரும் களம் அது. பேத்தி ஒரு கல்லூரியின் காத்திருப்போர் பட்டியலில் இருந்தாள். பல இடங்களில் அனுமதி பெற்றவர்கள் ஏப்ரல் 30க்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள ஏற்பாடு. அதன் பிறகே பட்டியல் பெரிதும் நகரும். ஆகவே, ஏப்ரலில் மடல் போய்ச் சேர வேண்டும்.

விண்ணப்பத்துக்குப் பின் அவள் செய்தவை இரண்டு. ஒன்று, ஆய்வுக்கூட வேலை; முன்பே எழுதியதன் தொடர்ச்சி. "300 மணி நேரம் 700 ஆகியிருக்கிறது, அதை எழுதட்டுமா அப்பா?" என்று தொலைபேசியில் கேட்டாள். (பாட்டனாரை அப்பா என்றழைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.) அதில் புதுச்செய்தி என்ன இருக்கிறது? இனி எத்தனை மணி நேரம் எதிர்பார்க்கிறாய் என்பதையும் விண்ணப்பத்திலேயே கேட்டுவிடுகிறார்களே!

மற்றொன்று, இறுதிக்காலத்தில் இருக்கும் நோயாளிகளைப் பேணும் ஓர் இல்லத்தில் வாரம் ஒரு மாலை தொண்டு. உறவினர் எவரும் வந்திராத ஒரு மூதாட்டி, இவள் கையைப் பற்றியபடியே கண்மூடியிருக்கிறார். கல்லூரிக்குச் சொல்ல இதைவிட வேறென்ன வேண்டும் என்று என் மகன் வற்புறுத்தினான். "அது அல்லாஹ்வுக்காகச் செய்தது வாப்பா. அதைக் காட்டி ஸீட் கேட்க மாட்டேன்" என்று அவள் மறுத்துவிட்டாள். வழக்கு என்னிடம் வந்தது.

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நிய்யத்து, செய்யும்போது உள்ளத்தில் இருப்பது. கேட்டவருக்கு உள்ளதைச் சொல்வதால் அது கெட்டுவிடாது. சம்பந்தம் பேச வருவோர் பிள்ளையைப் பற்றி நாலு இடத்தில் விசாரிப்பதை நாம் குறை சொல்வதில்லை. பல்லாயிரம் உயிர்களை ஒருத்தியின் கையில் ஒப்படைக்கப் போகிறவர்கள் விசாரிக்க மாட்டார்களா? ஆனால், அந்த மூதாட்டியின் மௌத்து இவளுக்குச் சொந்தமன்று. நோயாளியின் அந்தரங்கம் ஓர் அமானிதம். 1996ஆம் ஆண்டுச் சட்டமொன்று அந்நாட்டில் அதற்குக் காவலாகவும் இருக்கிறது. "உன் வேலையை எழுது, அவரை எழுதாதே" என்றேன். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, சரியென்றாள்.

மடல் ஒரு பக்கத்தில் முடிந்தது. எந்த மாதம் தொடங்கி எத்தனை மாலைகள். தண்ணீர் புகட்டவும், படித்துக்காட்டவும், பேசாமல் உடனிருக்கவும் கற்றது. நோயைப் போக்க முடியாத இடத்திலும் மருத்துவருக்கு வேலை உண்டென்று கண்டது. 'இடம் தந்தால் நிச்சயம் சேர்வேன்' என்ற வரியில் மட்டும் அவளை நிறுத்தினேன். இதே வாக்கை வேறு கல்லூரிக்கும் கொடுத்திருக்கிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். பலருக்கும் வாக்குக் கொடுப்பவர்கள் உண்டாம்; அது அவர்கள் கணக்கு.

கிடைத்தது என்று ஒரு வரிப் பதில் வந்தது. மே மாதம் பாதி கழிந்தும் வேறு செய்தி இல்லை. வியாழன் மாலைதோறும் அவள் அந்த இல்லத்துக்குப் போய்வருகிறாள்.