அழகில்லாத படம்

ஜும்ஆ முடிந்து வீடு திரும்பியபோது, ராத்தா கையில் தொலைபேசியுடன் காத்திருந்தார்.

"தம்பி, ஒங்கட மருமகன் அனுப்பியிருக்கிற படங்களைப் பாருங்க. எனக்கு நெஞ்சு பதறுது."

ஜப்பானிலிருந்து பழைய வாகனங்களை ஏற்றுமதி செய்யும் இடமொன்றில் அவன் வேலை செய்கிறான். படங்களில் இருந்தது அவன் வாங்கிய சிவப்பு நிற டொயோட்டா 86. ராத்தாவின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. மச்சான் மோட்டார் சைக்கிள் விபத்தில் மௌத்தானபோது இவனுக்கு ஐந்து வயது.

கண்டிக்கும் எண்ணத்துடன்தான் அழைப்பெடுத்தேன். அவனோ உற்சாகமாகப் பேசத் தொடங்கிவிட்டான். 1983இல் வந்த ஏஈ86 என்ற காரின் ஞாபகமாகவே 2012இல் வந்த இதற்கு 86 என்று பெயர் வைத்தார்களாம். இரண்டாயிரம் சீசீ எஞ்சின், 200 குதிரைவலு.

யொகோஹாமாவில், கடலை நிரப்பி உண்டாக்கிய தீவொன்றில் டைகோகு என்ற வாகனத் தரிப்பிடம் இருக்கிறது. இரவில் பலர் தங்கள் கார்களுடன் அங்கே கூடுவார்கள். ஒருவர் எஞ்சின் மூடியைத் திறந்து, தாம் செய்த மாற்றங்களைக் காட்டுவார். மற்றவர்கள் கேட்டறிந்து படமெடுத்துக்கொள்வார்கள். மஸ்டா ஆர்எக்ஸ்-7இன் எஞ்சினில் பிஸ்டனே இல்லை, முக்கோண வடிவச் சுழலிகள்தாம் சுற்றுகின்றன என்று அவன் விளக்கியபோது, பாடத்தை ஆசையுடன் ஒப்புவிக்கும் மாணவனே என் கண்முன் நின்றான்.

நினைத்தபடி எதையும் மாற்றவும் முடியாதாம். இரண்டு வருடங்களுக்கு ஒருமுறை வாகனப் பரிசோதனை உண்டு. காரின் அடிப்பாகம் நிலத்திலிருந்து 9 சென்ரிமீற்றராவது உயர்ந்திருக்க வேண்டும். சத்தத்துக்கும் அளவு உண்டு.

"அடுத்ததா டர்போ பூட்டப் போறேன் மாமா. இன்னும் வேகமா ஓடும்."

கண்டிக்க வந்த வார்த்தைகள் மறந்துபோயின. ஒன்றை மட்டும் கேட்டேன்.

"ஓடுறதுக்கு இவ்வளவு செய்றீங்க மகன். நிக்கிறதுக்கு என்ன செஞ்சிருக்கீங்க?"

மறுமுனையில் மௌனம். வேகம் இரு மடங்கானால், பிரேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்காகும் என்று எங்கள் விஞ்ஞான ஆசிரியர் சொல்லித் தந்ததை அவனுக்குச் சொன்னேன். உம்மாவின் பயத்தையும் சொன்னேன்.

இரண்டு மாதங்களின் பின் ஒரு படம் வந்தது. கழற்றி வைத்த சில்லு, கறுத்துப்போன பழைய பிரேக் பட்டைகள், பக்கத்தில் ஒரு போத்தல் பிரேக் ஒயில். பளபளப்பு எதுவுமில்லை.

"பிரேக் ஒயில் காற்றிலிருக்கிற ஈரத்தை உறிஞ்சும் மாமா. பழசானது சூடேறிக் கொதிச்சா, மிதிச்சாலும் பிடிக்காது. எல்லாத்தையும் மாத்திட்டேன். டர்போவைப் பிறகு பார்ப்போம். கூட்டாளிமார் யாரும் இந்தப் படத்தைப் பெருசா எடுக்கல்ல."

சகோதரிகளே, பிள்ளைகளின் ஆசைகளை நாம் முழுமையாகக் கேட்பதில்லை. கேட்டால்தான் எந்த இடத்தில் தடுக்க வேண்டும் என்பது நமக்கும் விளங்கும். நாம் தடுப்பதன் நியாயம் அவர்களுக்கும் விளங்கும்.

ராத்தாவின் தொலைபேசியைத் திறந்தால் இப்போது முதலில் தெரிவது சிவப்புக் கார் அல்ல. அந்தக் கழற்றிய சில்லுதான்.