கடற்கோட்டையில் ஒரு மேசை

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் பாதையில் போகிற ஆருக்கும் அந்தக் கோட்டை கண்ணில் படும். சுற்றிவரக் கடல், நடுவில் மதில். பெயர் ஹமன்ஹீல். பன்றித்தொடையின் குதிக்கால் என்று அர்த்தம். ஒல்லாந்தருக்கு இலங்கை பன்றித்தொடை மாதிரித் தெரிஞ்சிருக்கு. எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் மாங்காய் எண்டுதான் சொல்லித் தந்தவை.

முருகைக்கல்லால் கட்டினது போர்த்துக்கேயர். 1658இல் ஒல்லாந்தர் முற்றுகையிட்டபோது உள்ளே இருந்தவர்கள் சரணடைந்தது குடிக்கத் தண்ணி இல்லாமல். பிரித்தானியர் காலத்தில் அது சிறை, பிறகு தொற்றுநோயாளரை ஒதுக்கி வைக்கும் ஆஸ்பத்திரி. 1971 கிளர்ச்சியில் பிடிபட்டவர்களையும் இங்கே அடைத்தார்கள். கனபேர் எங்கட வயசுக்காரர். இப்போது கடற்படை நடத்தும் ஹோட்டலும் ரெஸ்டோரண்டும்.

இதை வைத்து நாங்கள் நாலு பேரும் ஒரு பின்னேரம் முழுக்கச் சண்டை பிடிச்சம்.

"சாப்பாட்டுக் கடை ஆக்கினதாலதான் மச்சான் கல்லாவது மிஞ்சினது" எண்டான் ஒருத்தன். நியாயமான கதைதான். ஊர்காவற்றுறைக் கரையில் இன்னொரு போர்த்துக்கேயக் கோட்டை இருக்கு, எய்ரிக் கோட்டை. அது பற்றைக்குள்ள இடிஞ்ச சுவர். உப்புக்காத்து கல்லை அரிக்கும், கூரை போனால் மாரி மழை சுண்ணாம்புச் சாந்தைக் கரைக்கும். சீமெந்து அப்பினால் இன்னும் மோசம்: ஈரம் உள்ளுக்கு அடைபட்டு கல்லே உதிரும். ஆராவது தினமும் கூட்டி, ஒழுக்குப் பாத்து, லைட் போட்டால்தான் பழைய கட்டடம் நிக்கும். அதுக்கு வருமானம் வேணும்.

"சுவர் நிண்டாக் காணுமோ? உள்ள கிடந்த ஆக்கள் எங்க?" எண்டாள் மற்றவள். கொழும்பில் பழைய ஒல்லாந்தர் ஆஸ்பத்திரியும் 2011இல் கடைகளும் உணவகங்களுமாகத் திறந்ததுதான். ஆனால் பெயராவது 'டச்சு ஹொஸ்பிட்டல்' எண்டே கிடக்கு. இறால் சாப்பிட வாறவனுக்கும் இங்க நோயாளி படுத்திருந்தான் எண்டு பெயர் சொல்லுது. ஹமன்ஹீலில் அந்த வேலையைப் பெயர் செய்யாது. தண்ணியில்லாமல் தோற்ற கோட்டையில் குளிர்பானம் குடிக்கிறவருக்கு அந்தக் கதையைச் சொல்ல மெனுவில் ஒரு பக்கம் போதும்.

எங்களுக்கு அதைவிடப் பெரிய கேள்வி, திறப்பு ஆற்ற கையில் எண்டது. தீவுப்பகுதிக் கோட்டையில் சாப்பாடு விக்கிற காசு தீவாருக்கும் வரவேணும், கதை சொல்லுற வாயும் அவையின்ரதாய் இருக்கவேணும். திருநெல்வேலியில் அம்மாச்சி உணவகத்தில் எங்கட அம்மாமார்தான் தோசை சுடினம், கடையும் அவையின்ர கையிலதான் ஓடுது. எய்ரிக் கோட்டைக்கு ஒருநாள் காசு வந்தால் அப்பிடி ஒண்டு வரட்டும்: பக்கத்தில் ஓலைக்கொட்டில், கூழ் காய்ச்ச ஊர்ப் பெண்கள், கதை சொல்ல ஒரு கிழவர்.

"கூழுக்கு நண்டு ஆர் தாறது?" எண்டு அவன் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறான்.