சத்தம் கேட்டால் கட்டையைப் போடு

பேச்சுச் சுணங்கிய பிள்ளைக்கு நம் வீடுகளில் ஒரு பதில் ஆயத்தமாக இருக்கும். “ஆம்புளப் புள்ள, சுணங்கித்தான் பேசும்” என்பார் எங்கள் உம்மும்மா. சாச்சியின் மகனுக்கும் அதையே சொன்னார். அவன் ஒருநாள் கூப்பிட்டால் திரும்புவான்; இன்னொரு நாள் திரும்பமாட்டான். பிடிவாதம் என்றார்கள்.

நான்கு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் இலேசாக அடிபட்டான். அதன்பின் எவ்வளவு கூப்பிட்டாலும் திரும்பவில்லை. “நீ பயோ படிக்கிறவள்தானே, டொக்டர் சொல்றது விளங்கும். நீயும் வா மகள்” என்று சாச்சி என்னையும் அழைத்துச் சென்றார்.

அங்கே நடந்த சோதனை ஒரு விளையாட்டுப் போலவே இருந்தது. சத்தம் கேட்டால் ஒரு மரக்கட்டையைப் பெட்டிக்குள் போட வேண்டும். முதலில் காதுக்கு ஹெட்போன் மாட்டினார்கள். பிறகு காதின் பின்னுள்ள எலும்பில் சிறிய அதிர்வுக் கருவியை வைத்தார்கள். தாழ்ந்த சுருதி ஒலிகளை ஹெட்போனில் கேட்டதைவிட எலும்பு வழியாக அவன் நன்றாகக் கேட்டான். நடுச்செவியில் நீர் கட்டியிருந்தால் இப்படி வருவது வழக்கம். ஆனால் காற்றழுத்தத்தை மாற்றிச் செவிப்பறையைச் சோதித்தபோது நடுச்செவி சரியாகவே இருந்தது. அப்படியானால் குறை உட்செவியில் இருக்கலாம் என்று சீ.டி. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள்.

ஸ்கேன் அதை உறுதிப்படுத்தியது. உட்செவியிலிருந்து செல்லும் ஒரு நுண்ணிய எலும்புக் கால்வாய் பிறவியிலேயே அகன்றிருந்தது. அதன் நடுப்பகுதி 1.5 மில்லிமீற்றருக்கு மேல் இருந்தால் குறைபாடு எனக் கொள்வார்கள். இத்தகைய காதுகளில் கேட்கும் திறன் கூடிக் குறையும். தலையில் சிறு அடி பட்டாலும் திடீரென இறங்கக்கூடும். அவனுடைய ‘பிடிவாதத்தின்’ காரணம் அன்றுதான் எங்களுக்கு விளங்கியது.

“சைக்கிள் வாங்கிக் குடுத்தது நான்தானே டொக்டர்” என்று சாச்சி அழுதார். கால்வாய் கருவிலேயே அப்படி அமைந்துவிட்டது, இதில் யாருடைய பிழையும் இல்லை என்று டொக்டர் பொறுமையாக விளக்கினார்.

1791இல் இத்தாலியின் கார்லோ மொண்டினி, செவிடாயிருந்த எட்டு வயதுச் சிறுவன் ஒருவனின் உட்செவிக் குறைபாட்டை விவரித்தார். நத்தைச்சுருளில் இரண்டரைச் சுற்றுகளுக்குப் பதிலாக ஒன்றரைச் சுற்றே இருந்தது. சிறுவன் இறந்த பின் காதை அறுத்துப் பார்த்துத்தான் அவரால் அதைக் காண முடிந்தது. இன்று உயிரோடு விளையாடும் பிள்ளையிடமே இதைக் கண்டறியலாம். கேட்டல் சோதனை உட்செவியின் வடிவத்தைக் காட்டாது. எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டும்.

இப்போது அவன் கேட்கும் கருவி அணிகிறான். பந்தைத் தலையால் முட்டுவதற்கு மட்டும் தடை. கேட்கும் திறன் இன்னும் இறங்கினால் நத்தைச்சுருளில் பொருத்தும் கருவி இருக்கிறது.

பெற்றோர்களே, பிறந்தவுடன் செய்த சோதனையில் தேறிய பிள்ளைக்கும் பின்னர் கேட்கும் திறன் குறையலாம். கூப்பிட்டும் திரும்பாத பிள்ளையைக் கண்டிக்கும் முன் ஒருமுறை அதன் காதைச் சோதித்துப் பாருங்கள்.