மயக்கமும் அளவும்

ஜனரஞ்சக எழுத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் நம் விமர்சனத்தில் தவறாமல் தலைகாட்டும் உவமை ஒன்று உண்டு: மயக்க மருந்து. வாசகனுக்கு அதைக் கொடுத்துத் தூங்கவைக்கிறார்கள் என்போம். இந்த உவமை எழுத்துக்கு எவ்வளவு பொருந்துகிறதோ, மருந்துக்குப் பொருந்தவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

சென்ற வருஷம் அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். "அறுக்கிறதுல எனக்குப் பயமில்லடா. எழுப்பி விட்ருவாங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். கேள்வி சரியானது என்பதால் பதில் தேட வேண்டியிருந்தது. மயக்க மருத்துவரான நண்பர் ஒருவர், தியேட்டர் காலியாக இருந்த ஒரு மத்தியானம், வேப்பரைசரைக் காட்டி விளக்கினார். மிச்சத்தைப் புத்தகங்களில் படித்தேன்.

1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் கையில் இருந்தது ஒரு கண்ணாடி உருண்டை; உள்ளே ஈதரில் நனைந்த ஸ்பாஞ்சு. எவ்வளவு ஆவி நோயாளிக்குள் போகிறது என்று யாருக்கும் தெரியாது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தில் ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண்ணுக்குக் கால் நகம் எடுக்கத் துணியில் குளோரோஃபார்மை ஊற்றிக் காட்டினார்கள். சில நிமிஷங்களில் இறந்துபோனாள். போனது ஒரு நகத்துக்காக.

விஷயத்தின் சூட்சுமத்தை 1847லேயே பிடித்தவர் ஜான் ஸ்னோ. 1854ல் லண்டனில் காலராவைத் தெருக் குழாயடிவரை துரத்திப் போன அதே டாக்டர்தான். ஆவியின் அளவு உஷ்ணத்தைப் பொறுத்தது என்பது அவர் கண்டது. திரவம் ஆவியாகும்போது தன் சூட்டையே செலவழிக்கிறது, குளிர்கிறது, குளிரக் குளிர ஆவி குறைகிறது. ஆரம்பத்தில் கொடுத்த அளவை அரைமணி கழித்து அதே பாத்திரம் கொடுக்காது. எனவே ஸ்னோ தன் கருவியைத் தண்ணீருக்குள் வைத்தார்.

1956ல் வழக்கத்துக்கு வந்த ஹாலோதேனை எடுத்துக்கொள்ளலாம். 20 டிகிரியில் அதன் ஆவி தானாகவே 32 சதவிகிதம்வரை நிரம்பிவிடும். நோயாளிக்கு வேண்டியதோ 1 சதவிகிதத்தை ஒட்டி. ஆகவே வேப்பரைசரின் வேலை மருந்தைக் கொடுப்பது என்பதைவிட, கட்டுப்படுத்துவது என்பதே சரி. வாயுவின் பெரும்பகுதி மருந்தைத் தொடாமலே பக்கவழியாகப் போகிறது. சிறு பகுதி மட்டும் அறைக்குள் நுழைந்து ஆவியை ஏற்றிக்கொண்டு வந்து கலக்கிறது. திரவம் குளிர்ந்தால், இரண்டு உலோகங்களை ஒட்டிய ஒரு தகடு வளைந்து, உள்ளே போகும் பங்கைக் கூட்டுகிறது. டெஸ்ஃப்ளூரேன் என்ற மருந்து 23 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். அதற்குச் சாதாரணப் பாத்திரம் ஆகாது. 39 டிகிரிக்குச் சூடாக்கி, அழுத்தத்தில் வைத்துத் தனி ஏற்பாடு செய்ய வேண்டும்.

பாதுகாப்பு விதிகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் நடக்கக்கூடிய ஒரு விபத்து இருக்கிறது. செவோஃப்ளூரேனுக்கென்று அளவு குறித்ததில் ஹாலோதேனை ஊற்றினால் டயல் காட்டுவதைவிட அதிகம் வரும். வருவதும் வீரியம் கூடியது. அதனால் மருந்துக்கு மருந்து நிறம் வேறு, ஊற்றும் வாயின் அமைப்பும் வேறு. கருவி சாய்ந்துவிட்டால் திரவம் பக்கவழியில் புகுந்து அளவுக்கு மீறிப் போகலாம். வாயுவை ஓடவிட்டுச் சுத்தம் செய்யாமல் மறுபடி நோயாளிக்கு வைக்கக் கூடாது. ஒரு வேப்பரைசரைத் திறந்தால் பக்கத்தில் இருப்பது பூட்டிக்கொள்ளும். பாங்கில் பெட்டக அறையை இரண்டு பேர் இரண்டு சாவி போட்டால்தான் திறக்க முடியும். இங்கே தலைகீழ் என்றாலும் காரணம் ஒன்றே: தனி மனிதனின் கவனத்தை மட்டும் நம்பக் கூடாது. டயலையும் நம்புவதில்லை. வெளியே வருவதை அளக்க வேறொரு கருவி. "டயல் நான் கேட்டது. கிடைச்சது என்னன்னு இதுதான் சொல்லும்" என்றார் நண்பர். அத்தனைக்கும் மேலே, தூங்கவைத்தவர் தூங்காமல் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கிறார். அம்மாவுக்கு அவ்வளவையும் சொல்லவில்லை; இந்தக் கடைசி விஷயத்தைச் சொன்னேன். போதுமானதாக இருந்தது.

அனஸ்தீஷியா என்ற பெயரை 1846ல் மார்ட்டனுக்கு எழுதிய கடிதத்தில் யோசனை சொன்னவர் ஆலிவர் வெண்டல் ஹோம்ஸ். டாக்டர், கவிஞரும் கூட. கிரேக்கத்திலிருந்து எடுத்த அந்தச் சொல்லுக்கு உணர்வின்மை என்பதோடு அர்த்தம் முடிந்துவிடுகிறது. நம் 'மயக்கம்' அப்படியல்ல. கள்ளும் காதலும் தலைசுற்றலும் அதில் உண்டு. இலக்கணத்தில் அதற்குக் கலப்பு என்றே பொருள். திணை மயக்கம், மெய்ம்மயக்கம். எந்த மெய்யை அடுத்து எந்த மெய் வரலாம், எது வரக் கூடாது என்று தொல்காப்பியம் வரையறுக்கிறது. அதாவது மயக்கத்துக்கு அங்கே விதி உண்டு, அளவு உண்டு. வேப்பரைசர் செய்வதும் அளவோடு கலப்பதைத்தான். ஒருவேளை நம் சொல் கிரேக்கச் சொல்லைவிட இந்தக் கருவிக்கு நெருக்கமானது.

நாம் கண்டிக்கும் எழுத்தில் இவற்றில் எது இருக்கிறது? அளவு இல்லை. பக்கத்தில் விழித்திருப்பவர் இல்லை. எழுப்பிவிட வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. முக்கியமாக, தூங்கவைத்துவிட்டு அகற்ற வேண்டிய கல் எதுவும் அவர்கள் கவனத்தில் இல்லை. அதற்கு நாம் வேறு உவமைதான் தேட வேண்டும்.