அடைபட்ட துளை

எங்கள் ஆரணியின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றது பட்டுச் சேலை. அந்தப் பட்டுக்குப் பின்னால் தண்ணீர் இருக்கிறது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கச்சாப் பட்டின் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு பசைதான். சவர்க்கார நீரில் கொதிக்க வைத்து அதைப் போக்கி, உடனே நல்ல தண்ணீரில் பன்முறை அலசினால்தான் நூல் மினுமினுக்கும். சாயமும் சீராக ஏறும்.

எங்கள் சாயப்பட்டறைக் கிணற்றுக்கு மின்மோட்டார் வந்த பின்பும், அத்தா வாங்கி வைத்த பழைய டீசல் இன்ஜினை நான் விற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கோடைக்காலக் காலையில், நூல் கொப்பரையில் வெந்துகொண்டிருந்தபோது மின்சாரம் நின்றது. அது ஒரு கல்யாணச் சேலைக்குரிய நூல். அதை நம்பி ஒரு நெசவாளர் குடும்பம் தறியை வெறுமையாக வைத்துக் காத்திருந்தது.

இன்ஜினைச் சுற்றினோம். கிளம்பியது, பத்து நிமிடம் ஓடியது, திணறி நின்றது. பிறகு எவ்வளவு சுற்றியும் உயிர் பெறவில்லை. முந்திய வாரம் எண்ணெய் வடிகட்டியை மாற்றியவன் பட்டறையில் வேலை செய்யும் இளைஞன். “நீதான் எதையோ கெடுத்துவிட்டாய்” என்று எல்லார் முன்னிலையிலும் கடிந்துகொண்டேன். அவன் தலைகுனிந்து நின்றான்.

பக்கத்துத் தெருவிலிருந்து மெக்கானிக் பெரியவர் வந்தார். அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. “ஒருமுறை சுற்றுங்கள் பாய்” என்று சொல்லிவிட்டுப் புகைக்குழாயையே பார்த்திருந்தார்.

டீசல் இன்ஜினுக்குத் தீப்பொறி தேவையில்லை. ருடால்ப் டீசல் என்னும் ஜெர்மானியப் பொறியாளர் 1897-இல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய முறை அது. உருளைக்குள் காற்றைப் பதினைந்து, இருபது மடங்கு இறுக்கினால் எழும் வெப்பத்திலேயே, உள்ளே தெளிக்கப்படும் எண்ணெய் பற்றிக்கொள்ளும். ஆகவே பெரியவர் முதலில் கேட்ட கேள்விகள் இரண்டே: எண்ணெய் வருகிறதா? இறுக்கம் இருக்கிறதா? சுற்றும்போது வெண்புகை வந்தால், எண்ணெய் வந்தும் எரியவில்லை என்று பொருள். புகையே இல்லையென்றால் எண்ணெயே வரவில்லை.

புகை வரவில்லை. வடிகட்டியின் திருகைத் தளர்த்தினார். டீசல் சொட்டுச் சொட்டாக வந்து நின்றது. தொட்டியிலோ முக்கால் பங்கு டீசல் இருந்தது. தொட்டி மூடியை மெல்லத் திருகினார். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது; கீழே டீசல் தாராளமாக வழிந்தது. மூடியைப் புரட்டிக் காட்டினார். அதிலிருந்த சிறு துளையில் மெழுகு அடைத்திருந்தது.

“எண்ணெய் இறங்கினால் அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும் அல்லவா, பாய்? இதை யார் அடைத்தது?”

மழைநீர் இறங்கிவிடக் கூடாதென்று, சென்ற மழைக்காலத்தில் அதை அடைத்தவன் நானே. அதன்பின் இன்ஜினை ஓட்டவேயில்லை.

குழாயில் புகுந்திருந்த காற்றை அவர் வெளியேற்றியதும் இன்ஜின் ஓடியது. கிணற்றுநீர் தொட்டியில் விழுந்தது. எல்லார் முன்னிலையிலும் ஏசியவன், எல்லார் முன்னிலையிலும் அந்த இளைஞனிடம் மன்னிப்புக் கேட்டேன். “பரவாயில்லை பாய், நூலை அலச வேண்டும்” என்று சொல்லிவிட்டு அவன் கொப்பரைப் பக்கம் போனான்.

நூல் பிழைத்தது, சேலையும் குறித்த நாளில் முடிந்தது. ஆனால் பெரியவர் இயந்திரத்திடம் கேட்ட இரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூட நான் அந்தப் பிள்ளையிடம் கேட்கவில்லையே என்ற வருத்தம் இன்றும் எனக்கு உண்டு. அந்த மெழுகுத் துண்டை எறியாமல் கல்லாப்பெட்டியில் வைத்திருக்கிறேன். யார் மீதேனும் சினம் எழும்போது பெட்டியைத் திறந்து பார்த்துக்கொள்கிறேன்.